ஜூம் இல்லாத கேமரா

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். அரங்கத்தில் என் பொறுப்பில் உள்ள விளக்குகளும் நலம். நாலாவது வரிசையில் ஒரு நாற்காலிக்கு மட்டும் கால் சரியில்லை. உன் கூடாரம் ஒழுகுகிறதா? முழங்கால் எப்படி இருக்கிறது? ரோடு போட இடம் அளக்கப் போனவள், கண்ணில் பட்ட மலையெல்லாம் ஏறிக்கொண்டிருக்காதே.

டவர் இல்லாத இடத்துக்கு உன்னை அனுப்பிய புண்ணியவானால், பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இப்போதுதான் பக்கம் பக்கமாக எழுதப் பேனா எடுக்கிறேன்.

விஷயம் இதுதான். புதுக் கேமரா வாங்கிவிட்டேன். நீ திட்டுவாய் என்று தெரியும், அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும். நீ பீரங்கி என்று பேர் வைத்தாயே, அந்தப் பழைய கேமராவை மாட்டிக்கொண்டு போனால் சாயங்காலத்துக்குள் ஒரு தோள் இறங்கிவிடும். இது பையில் இருப்பதே மறந்துபோகிறது. ஆனால் படத்தின் தரத்தில் பீரங்கிக்கு ஒரு மாற்றும் குறைவில்லை. மேடையில் ஒற்றை விளக்கு எரிந்தாலே போதும், பிளாஷ் இல்லாமல் முகம் தெளிவாக விழும். எல்லாவற்றுக்கும் மேல், சத்தம் கிடையாது. பொத்தானை அழுத்தினால், எடுத்தோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும்.

குறையையும் சொல்ல வேண்டும். லென்ஸைக் கழற்றி வேறு மாட்ட முடியாது. வாங்கும்போது வந்ததுதான் ஆயுளுக்கும். ஜூம் கிடையாது. ஒரே கோணம், அதுவும் அகலமான கோணம். தூரத்தில் நிற்கிறவர் எறும்பு மாதிரித் தெரிவார். ரொம்பக் கிட்டே போய்விட்டால் அவருடைய மூக்கு முந்திக்கொண்டு பெரிதாக வந்து நிற்கும். பேட்டரி அரை நாள்தான். மழையில் நனையக் கூடாது. விலையைக் கேட்காதே. இன்னும் இரண்டு மூன்று பொத்தான்கள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

உன் தம்பி

 

ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கடிதம் வியாழக்கிழமை ஜீப்பில், உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில் நசுங்கி வந்து சேர்ந்தது. முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. கூடாரம் என் படுக்கைக்கு மேலே மட்டும்தான் ஒழுகுகிறது, மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருக்கிறது.

நான் திட்டப்போவதில்லை. எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. ஜூம் இல்லாமல் நீ யாரையும் பார்த்ததே கிடையாதே. என் கல்யாணத்தையே மாடியில் நின்றுகொண்டு எடுத்தவன் நீ. ஆல்பத்தைத் திறந்தால் சொந்தக்காரர்கள் அத்தனை பேருடைய உச்சந்தலையும் பளிச்சென்று தெரிகிறது. நீதான் ஒரு படத்தில்கூட இல்லை. வேலையும் அப்படியே பார்த்துப் பிடித்தாய். அரங்கத்தின் கடைசி மூலையில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அடுத்தவர் மேல் வெளிச்சம் அடிக்கிற வேலை. அப்படிப்பட்டவன், நடந்து போனால்தான் படம் என்கிற கேமராவை வாங்குவானேன்?

அப்புறம் அந்தச் சத்தம். பீரங்கி படக் படக்கென்று ஊரைக் கூட்டியபோதெல்லாம் நீ கவலைப்பட்டதில்லை. இப்போது சத்தமில்லை என்பது 'எல்லாவற்றுக்கும் மேல்' ஆகிவிட்டது. யாருடைய காதுக்கு அது ஆகவில்லை என்று எழுதவில்லையே.

போகட்டும். கடைக்காரன் உன் தலையில் கட்டிவிட்டானா என்று பார்த்துவிடலாம். அளக்கும் டேப் ஒன்றைச் சுவரில் ஒட்டி, சரியாக இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒரு படம் எடு. ஓரம் எதையும் வெட்டாமல் அப்படியே பிரிண்ட் போட்டு அனுப்பு. கூர்மை எப்படி என்று பார்த்துச் சொல்கிறேன். கூடவே நாலைந்து ஆட்களையும் எடுத்து, அதே அளவில் அனுப்பு. இங்கே பார்க்க மலையை விட்டால் மலைதான்.

அக்கா

 

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நாற்காலியின் காலும் சரியாகிவிட்டது. உன் படுக்கையை நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம் என்று இதுவரை தோன்றவில்லையா?

நீ கேட்ட டேப் படம் இத்துடன் இருக்கிறது. மில்லிமீட்டர் கோடு வரை எண்ணலாம். சந்தேகம் தீர்ந்ததா?

ஆட்களுக்கும் பஞ்சமில்லை, நாலு படம் வைத்திருக்கிறேன். அரங்கத்துக்கு ஐம்பது வயதாகிறது. இங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரையும் படம் எடுத்து முகப்பில் மாட்டப் போகிறோம், நீயே எடு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். டிக்கெட் கொடுப்பவர், பல் தெரியாமல் சிரிக்கப் பழகியவர், அதனால் அப்படி இருக்கிறார். அடுத்தது துப்புரவு செய்யும் அம்மா. துடைப்பத்தோடுதான் எடுக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். மூன்றாவது பூனை. சம்பளம் இல்லை என்றாலும் எலி விஷயத்தில் அதுதான் பொறுப்பு. நாலாவது, மேடையில் உள்ள பியானோவுக்குச் சுருதி சேர்க்க மாதம் ஒருமுறை வருபவர்.

நீ கேட்டாய் என்பதற்காகச் சொல்கிறேன். சத்தம் ஆகாது என்று சொன்னவர் அவர்தான். நவம்பரில் ஒருநாள் பீரங்கியால் எடுத்தேன். கையில் கம்பியை முறுக்கும் சாவியோடு திரும்பி, “போட்டோ எடுங்க, வேண்டாங்கலை. அந்தச் சத்தம் மட்டும் வேண்டாம். நான் காதால வேலை பாக்கிறவ” என்றார். நியாயமான பேச்சுதானே.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி

 

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று உன் படங்களே சொல்கின்றன. படுக்கையை நகர்த்திவிட்டேன். இப்போது ஒழுகலும் நகர்ந்து வந்துவிட்டது.

கேமரா அருமை. லென்ஸ் மேல் எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் நிற்கிற ஆள் மேல்.

நான் இருபது வருஷமாகத் தூரத்தை அளந்து சாப்பிடுகிறவள். ஒரே கோணம், மாறவே மாறாது என்று நீயே எழுதிக்கொடுத்தாய். இரண்டு மீட்டரில் ஒரு டேப்பையும் எடுத்துக்கொடுத்தாய். மனுஷ முகத்தின் நீளம் யாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குமேல் எனக்கு ஒரு ஸ்கேல் போதும், நீ யாரிடமிருந்து எவ்வளவு தள்ளி நின்றாய் என்று சொல்லிவிடுவேன். கூர்மை பார்க்கக் கேட்டேன் என்று நம்பினாயே, பாவம்.

டிக்கெட்காரர் இரண்டு மீட்டர். துடைப்பத்தம்மாவும் ஏறக்குறைய அதே. பூனையிடம் முட்டி போட்டுக் கிட்டேயே போயிருக்கிறாய். சுருதிக்காரியிடம் மட்டும் ஒன்பது மீட்டர். எனக்கே நம்பிக்கை வராமல் கூடாரத்து விளக்கைத் தூண்டிவிட்டு மறுபடி அளந்தேன். ஒன்பதேதான்.

எலி பிடிக்கிற பூனையிடம் இல்லாத பயம், பியானோவுக்குச் சாவி திருப்புகிறவளிடம் மட்டும் ஏன்? உனக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணப் பேச்சை நானும் அம்மாவும் எடுப்பதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. நீயாக எதையும் சொல்லமாட்டாய் என்றும் தெரியும். அதனால்தான் அளந்தேன்.

அடுத்த மாதம் அவள் வரும்போது எடுக்கும் படத்தை அனுப்பு. நான் ஒன்றும் கேட்கமாட்டேன். ஸ்கேல் மட்டும் வைப்பேன்.

அக்கா

 

மார்ச் 6

அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

பியானோ பெரியது. முழுவதும் படத்துக்குள் வரவேண்டும் என்றால் தள்ளித்தான் நிற்க வேண்டும். காரணம் அவ்வளவுதான். நீ கண்ணும் மூக்கும் வைத்துக் கதை கட்டாதே.

கேட்டாய் என்பதால் இந்த மாதப் படத்தையும் வைத்திருக்கிறேன். முகப்பில் மாட்ட மேனேஜருக்கு இது பிடித்திருக்கிறது. எனக்கும் பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது.

மேடைக்குப் புது விளக்கு இரண்டு வந்திருக்கின்றன. வேலை அதிகம்.

தம்பி

 

மார்ச் 19

என் தங்கத் தம்பிக்கு,

கோடி ஆசிகள். உடம்பு, முழங்கால், கூடாரம் எல்லாம் சுகம். சுகமில்லாவிட்டாலும் இன்றைக்குச் சுகம்தான்.

ஒன்றரை மீட்டர். மூன்று தடவை அளந்தேன். என் கூட வேலை செய்பவரிடமும் கொடுத்து, விஷயம் சொல்லாமல் அளக்கச் சொன்னேன். அவருக்கும் ஒன்றரை வந்தது. ஒன்பதிலிருந்து ஒன்றரைக்கு ஒரே மாதத்தில். இத்தனை வேகத்தில் எங்கள் ரோடுகூட வந்ததில்லை. பக்கவாட்டில் முகம், காதருகே ஒரு கற்றை முடி நரைத்திருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்வரத்தைக் கேட்கிறாள். நல்ல முகம், தம்பி. படம் சற்று மங்கல்தான். உன் கை நடுங்கியிருக்கும், அது இயற்கை.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். சனிக்கிழமை ஜீப்பில் கீழே டவுனுக்குப் போனபோது அம்மாவுக்குப் போன் போட்டு, “அம்மா, தம்பி ஒன்றரை மீட்டருக்கு வந்துட்டாம்மா” என்று சொன்னேன். அம்மாவுக்கு மீட்டர் புரியவில்லை. “ரெண்டு எட்டு வச்சா போய்டலாம்மா” என்றேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க உடனே ஆள் பார்க்கப் போகிறாளாம்.

விவரமாக எழுது. என்ன பேசினீர்கள், யார் முதலில் பேசியது, எல்லாம்.

சந்தோஷத்தில் தூக்கமில்லாமல்,
அக்கா

 

ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாயா? மூன்று வாரமாக ஜீப்பில் உருளைக்கிழங்குதான் வருகிறது, உன் கடிதம் வரவில்லை. நான் முந்திரிக்கொட்டைத்தனமாக அம்மாவிடம் சொன்னது தப்புத்தான். கோபம் என்றால் கோபமாகவே நாலு வரி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா

 

ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துப் போட்டேன்.

அக்கா, அது பொத்தான்.

எழுத ஒன்றுமில்லை என்று சொன்னேனே, அந்தப் பொத்தான்களில் ஒன்று. அதை அழுத்தினால் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுக்கும். ஜூம் மாதிரித் தெரியும், ஜூம் இல்லை. வெட்டியதால்தான் படம் மங்கியது, கை நடுங்கியதால் இல்லை. நான் நின்றது மூன்றாவது வரிசைக்குப் பின்னால். நீ கண்ட ஒன்றரை மீட்டர் உண்மையில் நாலரை. நீ அளப்பாய் என்று தெரிந்துதான் அழுத்தினேன். நீ சந்தோஷப்பட்டு அத்தோடு விட்டுவிடுவாய் என்று நினைத்தேனே தவிர, அம்மா வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பாள் என்று நான் கண்டேனா? போன வாரம் அரங்கத்து ஆபீசுக்கே போன் போட்டுவிட்டாள். “அந்தப் பொண்ணுக்கு மஞ்சள் புடிக்குமா பச்சை புடிக்குமா?” என்று கேட்கிறாள். மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார். நான் பச்சை என்று சொல்லிவைத்தேன்.

பேசியதைக் கேட்டாய். இதுவரைக்கும் பேசியது, “டீ வேணுமா?” “வேண்டாங்க, குடிச்சிட்டேன்.” அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய பியானோவை எடுத்துவிட்டு மின்சாரத்தில் ஓடுகிற ஒன்றை வைக்கப் போகிறார்கள். அதற்குச் சுருதி சேர்க்க ஆள் வேண்டாம். மே மாதம் ஏழாம் தேதி அவர் வருவதுதான் கடைசி. அதற்குப் பிறகு அவர் இங்கே வர ஒரு காரணமும் இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை அக்கா. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தம்பி

 

ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடு. முதலில் அது.

நான் அளந்ததை எல்லாம் மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். கணக்கு சரிதான், புத்திதான் வேலை செய்யவில்லை. கிட்டே போனால் மூக்கு பெரிதாகும் என்று முதல் கடிதத்திலேயே நீ எழுதியிருந்தாய். அவள் மூக்கு அந்தப் படத்தில் அளவாக, அழகாக இருந்தது. அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

இப்போது சொல்வதைக் கேள். உன் பீரங்கியைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. அது இருக்கிறவரை உனக்கு யார் பக்கத்திலும் போகத் தேவையே இருந்ததில்லை. கூண்டுக்குள் இருந்துகொண்டே எல்லோரையும் கிட்டே கொண்டுவந்துவிடுவாய். உன்னைத்தான் யாராலும் கிட்டே கொண்டுவர முடியவில்லை, என்னாலும் அம்மாவாலும்கூட. அவள் சத்தம் ஆகாது என்று சொன்னதற்காக, நீ அதையே மூலையில் வைத்துவிட்டு நடக்கிற கேமராவாகப் பார்த்து வாங்கினாய். பாதித் தூரம் அன்றைக்கே நடந்துவிட்டாய், தம்பி. மிச்சம் நாலரை மீட்டர்தான்.

அந்தப் பொத்தான் மேல் பிளாஸ்திரி ஒட்டு. காயத்துக்கு ஒட்டுவோமே, அதேதான். ஏழாம் தேதி மேடை மேல் ஏறு. என்ன பேசுவது என்று முன்கூட்டி யோசிக்காதே, யோசித்தால் மறுபடி டீதான் வரும்.

அம்மாவிடம் பொத்தானைப் பற்றிச் சொல்லவில்லை. சுவருக்குப் பச்சைப் பெயின்ட் முதல் பூச்சு முடிந்துவிட்டது.

உன்னை நினைத்துக்கொண்டே,
அக்கா

 

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நன்றாகச் சாப்பிடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் மறந்துபோகிற நிலையில் இருக்கிறேன், அதனால் இப்போதே கேட்டுவிடுகிறேன். எப்படி இருக்கிறாய்?

பிளாஸ்திரி ஒட்டினேன். பதற்றத்தில் காலையிலிருந்து பூனையையும் நாற்காலியையும் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் வந்து பியானோவின் மூடியைத் திறந்ததும் கூண்டை விட்டு இறங்கினேன். நடுவழியில் ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டே போய், மேடைப் படியில் ஏறி, அவர் பக்கத்தில் நின்று கேமராவைத் தூக்கினேன். திரை இருண்டுவிட்டது. பேட்டரி போய்விட்டது.

கையில் செத்த கேமரா. பக்கத்தில் அவர்.

அவர் நிமிர்ந்து, “எடுத்துட்டீங்களா? உங்க கேமராவுலதான் ஒண்ணும் கேக்காதே” என்றார்.

“எடுக்கலைங்க. பேட்டரி போச்சு.”

“அப்ப சும்மாதான் நிக்கிறீங்க?”

“ஆமாங்க.”

“சும்மா நிக்கிறதுக்கு இங்க உக்காருங்க. நான் சொல்ற கட்டையை விடாம அழுத்துங்க. இத்தனை வருஷமா ஒரு கையால அழுத்தி ஒரு கையால சாவி திருப்புறேன். எப்ப வந்து கேப்பீங்கன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

இதை அப்படியே எழுதுகிறேன் அக்கா. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அழுத்தினேன். முதலில் இரண்டு ஒலிகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு அலையலையாக ஆடும். அவர் சாவியைத் திருப்பத் திருப்ப ஆட்டம் மெதுவாகி, ஒரு இடத்தில் நின்றுவிடும். என் கூண்டிலிருந்து இத்தனை வருஷத்தில் இதை ஒருநாளும் கேட்டதில்லை. கேமராவைப் பக்கத்து பிளக்கில் சார்ஜ் போட்டுவிட்டு, பியானோ முடிகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். என்னென்னவோ பேசினோம். எல்லாவற்றையும் உனக்கு எழுதமாட்டேன்.

கிளம்பும்போது அவர் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தார். “எல்லாரையும் எடுத்தீங்க, விளக்குக்காரர் படம் எங்க? முகப்புல உங்களுக்கு மட்டும் இடம் காலியாக் கிடக்கு” என்றார். எனக்கே தெரியாது அக்கா, மேனேஜர் எனக்கு ஒரு சட்டம் காலியாக மாட்டி வைத்திருக்கிறாராம். “இதுல ஜூம் எங்க?” என்று கேட்டார்.

“இல்லைங்க. வேணும்னா நடந்துதான் வரணும்” என்றேன்.

நடந்து வந்தார்.

அந்தப் படம் இத்துடன் இருக்கிறது. எனக்கு அதைச் சரியாகப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. பழைய பியானோவை அவரே தன் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பழுது பார்க்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டை அழுத்த ஆள் வேண்டுமாம். பீரங்கியை விற்றுவிட்டேன்.

தம்பி

 

மே 28

என் அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாம் சுகம். மழை நின்றுவிட்டது. படம் வந்ததும் ஸ்கேலைத்தான் எடுத்தேன், பழக்கதோஷம். பிறகு கீழே வைத்துவிட்டேன். தேவைப்படவில்லை.

உன் மூக்கு பெரிதாக இருக்கிறது. படத்தில் பாதி மூக்குத்தான். காது இரண்டும் எங்கேயோ பின்னால் போய்விட்டன. இந்தக் கேமராவின் குறை என்று நீ எழுதினாயே, அது முழுசாக விழுந்திருக்கிறது. எந்தப் பொத்தானாலும் இதைப் பொய்யாகச் செய்ய முடியாது. அவ்வளவு கிட்டே ஒருத்தி வந்து நின்றிருக்கிறாள், நீயும் பின்னால் நகராமல் நின்றிருக்கிறாய்.

சனிக்கிழமை ஜீப்பில் கீழே போய், படத்தை அம்மாவுக்குத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். வந்து சேர்ந்ததா என்று கேட்க நேற்று மறுபடி போய்ப் போன் செய்தேன். பச்சைச் சுவரின் நடுவில் ஆணி அடித்து மாட்டிவிட்டாளாம். மூக்கைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அம்மா சொன்னது இதுதான்:

“எம்புள்ளை சிரிச்சா கன்னத்துல குழி விழும்னு மறந்தே போயிருந்தேன்டீ.”

அக்கா